காட்ட ஒன்றுமில்லாத ஆபரேஷன்

போன வாரம் கயல் போன் செய்தாள். நான் விட்டுவந்த ஆபரேஷன் தியேட்டரில் இப்போது என் இடத்தில் நிற்பவள்.

"அக்கா, இனிமே ட்ரே வெளிய போகாதாம். எடுத்தத போட்டோ பிடிச்சு உறவுக்காரங்களுக்குக் காட்டினா போதும்னு சொல்லிட்டாங்க. அந்தப் பழைய பலூன் மெஷினையும் கழிச்சுட்டாங்க. நீங்க அதுல என்னென்ன பண்ணீங்கன்னு எழுதிக் குடுங்களேன். புதுசா வந்த பொண்ணுங்களுக்குப் படிச்சுக் காட்டறேன்."

"ஓய்வு பெற்றவங்க எழுதற மாதிரியா?"

"நீங்க ஓய்வு பெற்றவங்கதானேக்கா!"

உண்மைதான். வயது முப்பத்தாறு, ஆனால் ஓய்வு பெற்றவள். கையுறை ரப்பரும் கை கழுவும் மருந்தும் என் தோலுக்கு ஒத்துக்கொள்ளாமல் போயின. முதலில் அரிப்பு, பிறகு வெடிப்பு, கடைசியில் இரண்டு மணிக்கட்டிலும் புண். வேறு கையுறை மாற்றிப் பார்த்தோம், மருந்தை மாற்றிப் பார்த்தோம். புண்ணோடு இருக்கிற கையைத் தியேட்டருக்குள் விடக் கூடாது என்பது நானே பிறருக்குச் சொல்லிக்கொடுத்த விதி. ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். இப்போது என் கை ஆறிவிட்டது.

படிப்பைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. அப்பா சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஆபரேட்டர். சுரங்க நகரியத்துக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தேன், எங்கள் பிளாக்கிலேயே இருந்த பள்ளிக்கு சைக்கிளில் போனேன், ஆபரேஷன் தியேட்டர் டெக்னீஷியன் டிப்ளமோ முடித்தேன், நகரியத்தை ஒட்டி இருந்த ஒரு சின்னத் தனியார் மருத்துவமனையில் சேர்ந்தேன். கருவிகளை நீராவிக் கலனில் வைத்துக் கிருமி நீக்குவது, அடுக்குவது, எண்ணுவது, மெஷினை ஓட்டுவது என் வேலைகள். எதையும் வரிசையாகப் பார்க்கும் பழக்கம் எனக்கு முன்பே உண்டு. சம்பளம் வாங்கிக்கொண்டு அதைச் செய்ய முடியும் என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது.

ட்ரே விஷயத்தைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கர்ப்பப்பையை எடுத்தால், அதைச் சிறுநீரக வடிவில் இருக்கும் எஃகுத் தட்டில் வைத்து, பச்சைத் துணியால் மூடி, தியேட்டர் கதவுக்கு வெளியே காத்திருக்கும் உறவுக்காரர்களிடம் காட்ட வேண்டும். எங்கள் பக்கம் எல்லா மருத்துவமனையிலும் நடந்த வழக்கம் இது. சட்டம் கேட்கவில்லை; ஜனங்கள் கேட்டார்கள். துணியை விலக்கினால் சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். சிலர் குனிந்து பார்த்து, "இதுதானா?" என்பார்கள். ஒருவர் கும்பிட்டார். பார்த்தால்தான் ஆபரேஷன் நடந்தது, இல்லாவிட்டால் இல்லை.

எங்கள் டாக்டர் பெயர் சுகந்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் வரும் எல்லாப் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். அவரிடம் இரண்டு விசேஷங்கள் உண்டு. கோபம் ஏற ஏற மரியாதை கூடும். சாதாரணமாக என்னை 'நீ' என்பவர், கருவி ஒன்று தப்பாக அடுக்கியிருந்தால் 'நீங்க' என்பார். "இத நீங்களா வச்சீங்க?" என்று ஒரு தடவை கேட்டால் போதும், அன்றைக்கு எனக்கு மதியச் சோறு இறங்காது. இன்னொன்று: மேசையில் படுத்திருக்கும் பெண்ணிடம், மயக்க மருந்து கொடுப்பதற்கு முன், "இன்னிக்கு உங்களுக்கு என்ன பண்ணப் போறோம்? உங்க வார்த்தையில சொல்லுங்க" என்று கேட்பார். கையெழுத்துப் போட்டிருந்தாலும் சரி, வார்டில் பலமுறை விளக்கியிருந்தாலும் சரி. பதில் தப்பாக இருந்தால் கேஸ் நின்றுவிடும். அவர் முகமூடியை இறக்கி, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து முதலிலிருந்து சொல்லுவார். மயக்க மருந்து டாக்டர் கடிகாரத்தைப் பார்ப்பார். சுகந்தி டாக்டர் பார்க்க மாட்டார்.

அதிக ரத்தப்போக்கோடு வருகிற பெண்கள் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தோடு வருவார்கள்: "எடுத்துடுங்க டாக்டர்." அவர் உடனே எடுக்க மாட்டார். ஏன் ரத்தம் போகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். கட்டியா, புற்றா, தைராய்டா, ஒன்றுமில்லையா? பிறகு மாத்திரை. அதில் நிற்காவிட்டால் கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம். அதுவும் ஆகாவிட்டால், இனிக் குழந்தை வேண்டாம் என்பவர்களுக்கு உட்பூச்சை மட்டும் சூட்டால் கருக்குவது. கடைசியில்தான் எடுப்பது. எடுத்தாலும், வயதும் காரணமும் கேட்காமல் சினைப்பைகளைத் தொட மாட்டார்.

வளர்மதி காடாம்புலியூர்ப் பக்கத்துப் பெண். அப்போது முப்பத்தெட்டு வயது. இரண்டு பிள்ளைகள், குடும்பக் கட்டுப்பாடு முடிந்தது. முந்திரிக் கொட்டை உடைக்கிற வேலை; விரல் நுனிகள் எண்ணெய் பட்டுக் கருத்திருக்கும். கணவர் ஏழுமலை சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி. ரத்தம் போய்ப் போய் அவள் உதடு வெளுத்திருந்தது. மாத்திரை கேட்கவில்லை, ஹார்மோன் சாதனம் ரத்தத்தோடு வெளியே வந்துவிட்டது. கட்டியோ புற்றோ இல்லை என்று பரிசோதனை சொன்னது. ரத்தம் ஏற்றி உடம்பைத் தேற்றி, பலூன் சிகிச்சைக்குச் சேர்த்திருந்தார்கள்.

சிகிச்சைக்கு முந்தின நாள் மாலை அவளுடைய கேஸ் தாளைச் சரிபார்க்க வார்டுக்குப் போனேன். கூட மாமியார் அஞ்சலையம்மாள் இருந்தார். ரவுண்ட்ஸ் வந்த டாக்டர், மருமகளை விட்டுவிட்டு மாமியாரின் வலது மணிக்கட்டையே பார்த்தார். அது எப்போதோ உடைந்து கோணலாகக் கூடியிருந்தது.

"கை எப்படிம்மா ஒடஞ்சுது?"

"சும்மா வாசல்ல வழுக்கி வுழுந்தேன். படக்குன்னு போயிடுச்சி."

"கர்ப்பப்பை எடுத்திருக்காங்களா?"

"நாப்பதுக்கு முன்னாடியே எடுத்தாச்சி. ரெண்டு பக்கம் இருக்கறதையும் சேத்து வழிச்சி எடுத்துட்டாங்க, திரும்பத் தொல்ல வரக் கூடாதுன்னு. அதுலருந்து ராவெல்லாம் ஒடம்பு எரியும். ஆனா ரத்தம் நின்னுச்சே!"

டாக்டர் அந்தக் கையை எடுத்துத் தடவிப் பார்த்தார். "சினைப்பைய சின்ன வயசுலயே எடுத்தா எலும்பு சீக்கிரம் தேயும்மா. உங்களுக்கு மாத்திரை எழுதறேன், விடாம சாப்பிடுங்க."

"எனக்கு எதுக்கு? அவளப் பாருங்க."

மறுநாள் காலை மேசையில் வளர்மதி. டாக்டர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். நான் கேட்ட பதில்களிலேயே நல்ல பதில் அது.

"உள்ள இருக்கிற பூச்ச சூடு வச்சிக் கருக்கறீங்க. பை உள்ளயே இருக்கும். ரத்தம் நிக்கும், இல்லன்னா கம்மியாவும். சில பேருக்குப் பின்னாடி வலி வந்து எடுக்கும்படியா ஆகலாம்னு சொன்னீங்க."

"சபாஷ். ஆரம்பிக்கலாமா?"

"ஒண்ணு கேக்கணும், டாக்டரம்மா. எங்க வூட்ல பைய எடுக்கறாங்கன்னு சொல்லிகினு இருக்கேன். அப்படியே இருக்கட்டுங்களா?"

டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"ஏம்மா?"

"எங்க மாமியாருக்கு எடுத்தப்போ மூணு மாசம் ஒரு துரும்பத் தூக்கல. நான்தான் புதுசாக் கட்டிகினு வந்தவ, எல்லாத்தையும் பாத்தேன். தண்ணி, மாடு, சோறு, துணி. ஊர்லயே அப்படித்தான். பை எடுத்தவளுக்கு மூணு மாசம். யாரும் ஒரு வார்த்த சொல்ல மாட்டாங்க. இந்த பலூனுக்கு மறுநாளே வூட்டுக்கு அனுப்பிடுவீங்களாம். அனுப்புனா அன்னைக்கே கொடத்தத் தூக்கி இடுப்புல வச்சிடுவாங்க." டாக்டரின் முகத்தைப் பார்த்தாள். "எனக்குப் படுக்கணும் டாக்டரம்மா. வேற ஒண்ணும் இல்ல."

டாக்டர் யோசித்தார். அவர் யோசிக்கும்போது வலது கட்டைவிரலால் மற்ற விரல் நுனிகளை ஒவ்வொன்றாகத் தொடுவார்.

"நான் பொய் சொல்ல மாட்டேங்க. ஆனா உங்க உடம்பு விஷயம், அத உங்களக் கேக்காம யாருக்கும் சொல்லவும் மாட்டேன். கேட்டா உங்ககிட்டயே கேக்கச் சொல்லுவேன். ரத்தம் ஊறி உடம்பு தேறற வரைக்கும் பாரம் தூக்கக் கூடாதுன்னு எழுதித் தர்றேன், அது நிஜம். மூணு மாசம்னு எழுத மாட்டேன். சரியா?"

"போதும்."

அந்த மெஷினைப் பற்றித்தான் கயல் கேட்டாள். இதோ. ஒரு மெல்லிய குழாய், நுனியில் சுருங்கிய பலூன். வெளியிலேயே ஊதி ஓட்டை இல்லை என்று முதலில் பார்க்க வேண்டும். டாக்டர் சிறு கேமராவால் உள்ளே பார்த்து, கர்ப்பப்பையின் ஆழத்தை அளந்து, குழாயை நுழைப்பார். பலூனுக்குள் சர்க்கரைத் தண்ணீர் போன்ற மருந்துநீரைச் செலுத்தினால் அது உப்பி உள்சுவர் முழுக்க ஒட்டிக்கொள்ளும். பிறகு மெஷின் அந்த நீரைச் சூடாக்கும். சில நிமிடங்கள்தான். அந்த நேரம் முழுவதும் அழுத்த எண்ணைச் சத்தமாகப் படிப்பது என் வேலை. எண் சட்டென்று விழுந்தால் பலூன் கசிகிறது, அல்லது சுவரில் எங்கோ துளை. மெஷின் தானே நிற்கும்; ஆனாலும் என் குரலை நம்பித்தான் டாக்டரின் கை அசையாமல் இருக்கும். முடிந்ததும் நீரைத் திரும்ப உறிஞ்சி அளப்பேன். உள்ளே போனது அவ்வளவும் வெளியே வந்திருக்க வேண்டும். வளர்மதிக்கு வந்தது. "சரியா இருக்கு டாக்டர்" என்று சொல்லும்போது ஒவ்வொரு முறையும் என் தோள் இறங்கும். அன்றும் இறங்கியது.

கதவைத் திறந்தேன். அஞ்சலையம்மாள் என் கையைப் பார்த்தார்.

"எங்கம்மா தட்டு?"

"இந்த ஆபரேஷன்ல காட்ட ஒண்ணும் இல்லம்மா. டாக்டர் வருவாங்க."

டாக்டர் வந்தார். "வளர்மதி நல்லா இருக்காங்க. கொஞ்ச நாள் பாரம் தூக்கக் கூடாது. மத்த விவரத்த அவங்களே சொல்லுவாங்க."

அஞ்சலையம்மாள் ஏழுமலை பக்கம் திரும்பினார். "மெஷின்ல கரைச்சி எடுத்துட்டாங்கடா. எங்க காலத்துல கசாப்பு மாதிரி அறுத்தாங்க."

"நான் அப்படிச் சொல்லலைங்களே" என்றார் டாக்டர்.

"நீங்க சொல்லுவீங்களா? பெரிய மனசு உங்களுக்கு" என்று அவர் கும்பிட்டார். அதற்கு மேல் டாக்டருக்கு வழியில்லை.

வளர்மதிக்கு மூன்று மாதம் கிடைத்தது. பரிசோதனைக்குத் தனியாக வந்தபோது என்னிடம் சொன்னாள். முதல் மாதம் தூங்கியே கழித்தாளாம். இரண்டாம் மாதம் மத்தியானத்தில் படுத்துக்கொண்டு வீட்டுக்கூரையில் எத்தனை ஓடு மாற்ற வேண்டும் என்று பார்த்தாளாம். "மூணாவது மாசம் போரடிச்சுதுக்கா. ஆனா எழுந்துக்கல." உதட்டில் நிறம் வந்திருந்தது. ரத்தப்போக்கு ஏறக்குறைய நின்றுவிட்டது. டாக்டர் வருடம் ஒருமுறை அவளை வரச் சொன்னார். தியேட்டரில் வேலை செய்பவர்களுக்குப் பொதுவாகப் பின்கதை தெரியாது. தைத்து அனுப்புவதோடு எங்கள் பங்கு முடிந்துவிடும். எங்கள் டாக்டர் மட்டும் எத்தனை வருடமானாலும் திரும்ப வரச் சொல்லுவார். ஆபரேஷன் நல்லபடியாக நடந்ததா என்பது அன்றைக்குத் தெரியாது, பல வருடம் கழித்துத்தான் தெரியும் என்பார்.

இரண்டு வருடம் வந்தாள். பிறகு வரவில்லை.

இன்னும் இரண்டு வருடம் போனபின் ஒரு மத்தியானம், அவளை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தார்கள். அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டிருந்தாள். கூடவே அஞ்சலையம்மாள் வந்தார். ஒரு வருடமாக மாதம் ஒருமுறை வலித்திருக்கிறது. வாயு என்று மாத்திரை வாங்கிப் போட்டிருக்கிறாள். மாதாமாதம் வருகிற வலி என்று வீட்டில் எப்படிச் சொல்ல முடியும்? பைதான் இல்லையே. பிறகு ஒருநாள் என்னிடம் சொன்னாள்: "சொல்லிச் சொல்லி எனக்கே இல்லன்னு ஆயிடுச்சிக்கா."

ஸ்கேன் எடுத்தவர் புதியவர். கதவு திறந்திருந்தது. "கர்ப்பப்பைக்குள்ள ரத்தம் கட்டி நிக்குது" என்று சத்தமாகச் சொன்னார்.

ஏழுமலை முதல் ஷிஃப்ட் முடித்து நேராக வந்தவர். பூட்ஸில் சுரங்கத்து மண் அப்படியே இருந்தது.

"கர்ப்பப்பையா? அதத்தான் நாலு வருசம் முன்ன எடுத்துட்டீங்களே!"

அவர் குரல் ஏறியது. சுகந்தி டாக்டர் அவசரமாக வந்தார்.

"எடுத்துட்டதா சொல்லிட்டு உள்ளயே வச்சி அனுப்பிட்டியா? எங்கள என்னா நெனச்ச? படிக்காதவங்கன்னா?"

"உக்காருங்க. நான் முதல்ல வளர்மதிகிட்ட பேசணுங்க."

"என்கிட்ட பேசு! அன்னைக்கே எங்க அம்மா தட்டு எங்கன்னு கேட்டுச்சி. ஒண்ணும் காட்டல!"

"உங்க கோவம் எனக்குப் புரியுதுங்க. கொஞ்சம் பொறுங்க."

தாழ்வாரத்தில் கூட்டம் கூடிவிட்டது. யாரோ போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் டாக்டர் தப்பிவிடலாம். நான் அவர் பக்கத்தில் நின்றேன். என் நாக்கு நுனியில் அது இருந்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "நீங்க உள்ள போய் தியேட்டர ரெடி பண்றீங்களா?" என்றார். அந்த 'நீங்க' எனக்கு விளங்கியது. உள்ளே போக நகர்ந்தேன்.

ஸ்ட்ரெச்சரிலிருந்து குரல் வந்தது.

"டாக்டரம்மாவத் திட்டாத."

ஏழுமலை திரும்பினார்.

"பைய எடுக்கல. எனக்குத் தெரியும். அவங்க எல்லாத்தையும் சொல்லித்தான் செஞ்சாங்க. நான்தான் வூட்ல மாத்திச் சொன்னேன்."

"எதுக்குடி?"

வளர்மதி மாமியாரைப் பார்த்துச் சொன்னாள். "மூணு மாசத்துக்கு."

அஞ்சலையம்மாள் ஸ்ட்ரெச்சர் பக்கம் நெருங்கினார். "அப்போ அந்த மூணு மாசம்..."

"சும்மாதான் படுத்துகினு இருந்தேன், அத்த."

"அடிப்பாவி! இந்தக் கோணக் கையால கொடம் கொடமா நான் தூக்குனேனேடி! மாட்டுக்குத் தண்ணி, உனக்கு வெந்நி! ஊரெல்லாம் மெஷின்ல கரைச்சிட்டாங்கன்னு சொல்லிகினு வந்தனே!"

கூட்டத்தில் ஒரு பெண் சிரித்துவிட்டாள். படம் பிடித்தவர் போனை இறக்கினார். ஏழுமலை சுவரோரம் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்ற ஆரம்பித்தார், எதற்கென்று அவருக்கே தெரிந்திருக்காது. அஞ்சலையம்மாள் மட்டும் ஸ்ட்ரெச்சரின் கம்பியைப் பிடித்தபடி நின்றார். பிறகு, யாரையும் பார்க்காமல் சொன்னார்:

"கேட்டிருந்தா குடுத்திருப்பனா? குடுத்திருக்க மாட்டேன்."

அன்றே தேங்கிய ரத்தத்தை வடித்தோம். கருக்கிய உட்சுவர் ஆறும்போது கர்ப்பப்பையின் வாய்ப்பக்கம் ஒட்டிக்கொண்டு, மேலே மிச்சமிருந்த கொஞ்சம் பூச்சிலிருந்து மாதாமாதம் வந்த ரத்தம் வெளியேற வழியில்லாமல் நின்றிருக்கிறது. அடைப்பைத் திறந்ததும் வலி போய்விட்டது. மயக்கம் தெளிந்ததும் வளர்மதி கேட்ட முதல் கேள்வி, "நான் பண்ணதாலயா?" என்பதுதான். டாக்டர் இல்லை என்றார். சிலருக்கு இது வரும், நாற்பதுக்கு முன் செய்துகொள்பவர்களுக்குக் கூடுதலாக வரும், மேசையில் நீங்களே சொன்னீர்களே என்றார். நாலு வருடம் ரத்தம் போகாமல் உடம்பு தேறியதும் நிஜம்தான் என்றார். சீக்கிரம் சொல்லியிருந்தால் வலி குறைந்திருக்கும், அவ்வளவே. பிறகு வழிகளைச் சொன்னார்: இப்படியே விட்டுப் பார்க்கலாம், ஆனால் திரும்ப அடைக்கக்கூடும்; இல்லாவிட்டால் கர்ப்பப்பையை எடுத்துவிடலாம். முடிவு செய்ய அவசரமில்லை.

ஒரு மாதம் கழித்து வளர்மதி வந்து எடுக்கச் சொன்னாள். கூட வந்த அஞ்சலையம்மாள் டாக்டரிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "ரெண்டு பக்கம் இருக்கறத வுட்டுடுங்க. இவளுக்கு எலும்பு வேணும்."

"அது என் வேலைம்மா. வேற நோவு இல்லன்னா தொட மாட்டேன்" என்றார் டாக்டர். "நீங்க அந்த மாத்திரைய சாப்பிடறீங்களா?"

அஞ்சலையம்மாள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

கயலுக்கும் புதிய பெண்களுக்கும் ஒரு வார்த்தை. ட்ரே நின்றது நல்லதுதான். ஒருத்தியின் உடம்பிலிருந்து எடுத்ததை அவள் பார்ப்பதற்கு முன் தாழ்வாரமே பார்ப்பதில் எனக்கு எப்போதும் கூச்சம் இருந்தது. போட்டோவையும் முதலில் அவளிடம் கேட்டுவிட்டுக் காட்டுங்கள். பலூன் மெஷின் போனால் வேறு மெஷின் வரும். ஆனால் மேசையில் கேட்கும் அந்தக் கேள்வியை விடாதீர்கள். பதிலைக் கேட்ட பிறகு, "வேற ஏதாவது சொல்லணுமா?" என்றும் கேளுங்கள்.

இரண்டாவது ஆபரேஷனுக்கு முன், எடுத்ததை வெளியே காட்டலாமா என்று வளர்மதியிடம் நான் கேட்டேன். "கண்டிப்பா காட்டுக்கா. இல்லன்னா நம்ப மாட்டாங்க" என்றாள்.

வயிற்றில் போட்ட சிறுதுளைகள் வழியே செய்தது, சுத்தமாக முடிந்தது. கருவிகளையும் பஞ்சுகளையும் எண்ணினேன், சரியாக இருந்தது. தட்டில் வைத்து, துணி மூடி, கதவைத் திறந்தேன். அஞ்சலையம்மாள் கதவோடு ஒட்டி நின்றிருந்தார். துணியை விலக்கினேன். அவர் குனிந்து நன்றாகப் பார்த்தார்.

"இத்தனூண்டு" என்றார். "மூடிடும்மா."

மாலையில் டாக்டர் வார்டுக்கு வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். "எல்லாம் நல்லபடியா இருக்கு. இப்பல்லாம் முன்ன மாதிரி இல்லைங்க. ஆறு வாரம் பாரம் தூக்காம இருந்தா போதும், அப்பறம் வழக்கம்போல எல்லா வேலையும் செய்யலாம்."

"ஆறு வாரமா?" அஞ்சலையம்மாள் ஃபிளாஸ்கைக் கீழே வைத்தார். "அது உங்க கணக்கு டாக்டரம்மா. எங்க வூட்ல மூணு மாசம்."

"அத்த, டாக்டரம்மாவே..."

"நீ வாய மூடிகினு படு. ஏழுமலகிட்ட சொல்லிட்டேன், ஷிஃப்ட் முடிஞ்சி வந்து அவன் தண்ணி தூக்கட்டும்."

வளர்மதி சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. வலிக்கிறதோ என்று நான் குனிந்து பார்த்தேன். தையல் இழுக்குமே என்று வயிற்றை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.